மனுவில் இருந்த வார்த்தை

ஷார்ஜா
10-3-1996

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

தம்பி மகன் ஜெரால்ட் எழுதுவது. எனக்கு இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. உங்கள் கால் புண் ஆறிவிட்டதா, பெரியம்மாவுக்கு மூச்சிரைப்பு குறைந்ததா என்று எழுதவும்.

தம்பி ஜோஸ்வா விஷயமாக எழுதுகிறேன். எங்கள் கம்பெனி கிடங்கில் அவனுக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஜூலை பத்தாம் தேதிக்குள் அவன் வந்து சேராவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டதும், போலீஸ் விசாரணைக்கு அவனை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். 'உன் மேல் ஒரு மனு இருக்கிறது, நாங்கள் எப்படி நல்லபடியாக எழுதி அனுப்புவது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அம்மா அந்த மனுவின் நகலை வாங்கி எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருந்தபோது நீங்கள் கைநாட்டு வைத்த மனு. அதில் இப்படி இருக்கிறது:

'மேற்படி தேதியில் மடை வெட்டும்போது ஏற்பட்ட வாய்த்தகராறில் என் தம்பி மகன் ஜோஸ்வா யதேச்சையாக மண்வெட்டியால் என் வலது காலில் வெட்டிவிட்டான். இரண்டு விரல்கள் போய்விட்டன. மேல் நடவடிக்கை வேண்டாம்.'

அம்மா இதை ஜெய்னுலாபுதீன் வக்கீலிடம் காட்டினார்களாம். 'யதேச்சையாக என்றால் தன் இஷ்டப்படி என்று அர்த்தம். இஷ்டப்பட்டு வெட்டினான் என்று எழுதிவிட்டு, நடவடிக்கை வேண்டாம் என்று கீழே ஒரு வரி சேர்த்தால் ஆயிற்றா?' என்று அவர் கேட்டாராம்.

அப்பா செத்து ஏழு வருஷம் ஆகிறது. வாய்க்கால் தகராறு எத்தனை வந்தாலும் நீங்கள் எங்களை விட்டுக்கொடுத்ததில்லை. அதனால்தான் கேட்கிறேன். இந்த வார்த்தையை நீங்கள் சொன்னீர்களா? வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

ஜெரால்ட்


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
பட்டுக்கோட்டை வழி
28-3-1996

மகன் ஜெரால்டுக்கு உன் பெரியப்பா பெரியநாயகசாமி சொல்ல, பால்வாடி டீச்சர் சந்திரலேகா எழுதுவது.

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. எப்போதும்போல் சந்திரலேகாதான் படித்தாள். கால் ஆறிவிட்டது. செருப்புதான் நிற்க மாட்டேன் என்கிறது. விரல் இல்லாத பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. உன் பெரியம்மாவுக்கு இரைப்பு காலையில் இருக்கிறது, வெயில் ஏறினால் இல்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

நீ எழுதின வார்த்தை எனக்குப் புதிது இல்லை. ஐம்பத்தோராம் வருஷம், ஆவணி மாதம், உன் தாத்தா எனக்கும் உன் அப்பாவுக்கும் நிலத்தைப் பிரித்து எழுதி வைத்தார். எனக்கு இருபத்தேழு வயது. பட்டுக்கோட்டையில் பத்திரம் எழுதுகிறவர், மூக்குப்பொடி போட்டுக்கொண்டே, முழுதையும் படித்துக் காட்டினார். 'இன்று முதல் சர்வ சுதந்திரமாய் யதேச்சையாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது' என்று வந்தது. உன் அப்பா கேட்டான், "யதேச்சையாய்னா என்னங்க?" "ஒன் இஷ்டம்ப்பா. நெல்லு போடு, எள்ளு போடு, சும்மாப் போடு. ஏன்னு ஒருத்தன் கேக்க முடியாது" என்றார் அவர். பத்திரத்தில் அதற்கு முன்னால் என்ன இருந்தது, பின்னால் என்ன இருந்தது என்பதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆகவே வக்கீல் சொன்னது சரி.

ஆனால் அந்த வார்த்தையை நான் என் வாயால் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்துக்கொண்டு நான் சொன்னது இவ்வளவுதான்: "பய எதார்த்தமா வெட்டிட்டான். அவன் மேல கேசு கீசு ஒண்ணும் வாணாம்." என் வாயிலிருந்து வந்தது எதார்த்தமா. மாதா மேல் சத்தியமாகச் சொல்கிறேன்.

நடந்தது என்ன என்று உனக்கு யாரும் சரியாக எழுதியிருக்க மாட்டார்கள். தை பதினெட்டு, வியாழக்கிழமை. ஆற்றில் தண்ணீர் நிறுத்தி நாலு நாள் ஆகியிருந்தது. இந்த வருஷம் நாம் எல்லாருமே நடவு பிந்திப்போய், கதிர் பால் கட்டுகிற சமயம். வாய்க்காலில் கிடந்தது கடைசித் தண்ணீர். நம் வாய்க்காலில் பதினோரு பேருக்கு முறை. யாருக்கு எந்த நாள் என்று முப்பது வருஷமாக நான்தான் சொல்கிறேன், நோட்டுக் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அன்று காலை மடையில் எனக்கும் ஜோஸ்வாவுக்கும் பேச்சு வந்தது. அவன் மண்வெட்டியை ஓங்கி மடையை வெட்டினான். அது என் காலில் பட்டது. அவ்வளவுதான்.

உன் அம்மா இப்போது என்னோடு பேசுவதில்லை. கோயிலில் பார்த்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. நீ எழுதினால் கேட்கும்.

உன் நல்லதுக்கு மாதாவிடம் கேட்டுக்கொள்ளும்
பெரியப்பா


சவேரியார்குடிக்காடு
2-4-1996

மரியாதைக்குரிய ஜெரால்ட் அண்ணனுக்கு சந்திரலேகா வணக்கத்துடன் எழுதுவது. எல்லாரும் சௌக்கியம்தானே?

இது பெரியநாயகசாமி தாத்தா சொல்லி எழுதுகிற கடிதம் இல்லை. நான் எழுதுவது அவருக்குத் தெரியாது.

மனுவை எழுதியது நான். போன கடிதத்தில் தாத்தா ஒரு வரி சொன்னார், நான் அதை எழுதவில்லை. "அந்த வார்த்தைய எழுதுனது நீதானேம்மா, அதயும் எழுதிடு" என்றார். 'எழுதிட்டேன்' என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அவர் எதார்த்தமா என்றுதான் சொன்னார். நம் பக்கம் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். 'எதார்த்தமா அந்தப் பக்கம் போனேன்', 'எதார்த்தமாக் கைபட்டு உடைஞ்சுது' என்று. ஆனால் எழுத்தில் யதார்த்தம் என்றால் உள்ளது உள்ளபடி, உண்மை என்று அர்த்தம். 'யதார்த்தமாக வெட்டிவிட்டான்' என்று எழுதினால் உண்மையாகவே வெட்டினான் என்று ஆகிவிடுமே என்று பயந்தேன். போலீசுக்குப் போகிற மனு. பேச்சு வழக்கு வார்த்தையைப் போடக் கூடாது, நல்ல வார்த்தை போட வேண்டும் என்று யோசித்தேன். வாரப் பத்திரிகைக் கதைகளில் 'யதேச்சையாகத் திரும்பினாள்', 'யதேச்சையாகச் சந்தித்தார்கள்' என்று வரும். நினைக்காமல் நடந்தது என்றுதான் நான் இத்தனை நாளும் புரிந்துகொண்டிருந்தேன். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, ஜோஸ்வாவைக் காப்பாற்றுவதாக நினைத்து, அதைப் போட்டேன், தாத்தாவுக்குப் படித்துக் காட்டவும் இல்லை. பழைய அர்த்தம் ஒன்று இருப்பது பத்தாவது படித்த எனக்குத் தெரியவில்லை. பத்திரம் படிக்கக் கேட்ட தாத்தாவுக்குத் தெரிந்திருக்கிறது.

உங்கள் அம்மாவிடம் நீங்களே சொல்லுங்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. அவர்களுடைய தம்பியின் பேரப்பிள்ளை என் பால்வாடியில்தான் இருக்கிறான், அந்தக் குடும்பத்தை நான் தினமும் பார்க்க வேண்டும்.

சந்திரலேகா


ஷார்ஜா
25-4-1996

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

உங்கள் சுகமும் பெரியம்மா சுகமும் மேலும் மேலும் நன்றாக இருக்கட்டும். இங்கே இப்போதே வெயில் தொடங்கிவிட்டது.

மனுவில் அந்த வார்த்தை எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டேன். யார் மேலும் எனக்கு வருத்தம் இல்லை. அம்மாவுக்கும் எழுதிவிட்டேன். டீச்சரைச் சாப்பிடச் சொல்லுங்கள்.

அம்மா மறுபடியும் வக்கீலைப் பார்த்தார்கள். புதிதாக ஒரு வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்கிறார். 'யதேச்சையாக' என்ற இடத்தில் 'தற்செயலாக' என்று போட்டு அவரே ஒரு நகல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அம்மா கொடுத்தனுப்புவார்கள். நீங்கள் ஸ்டேஷனுக்குப் போய்க் கொடுத்துவிட்டால் காரியம் முடிந்தது.

ஒன்று மட்டும் வக்கீல் எச்சரித்தாராம். 'வார்த்தையை மாற்றிவிடலாம். ஆனால் ஸ்டேஷனில் வார்த்தையோடு விட மாட்டார்கள். மண்வெட்டி வருகிற இடத்தில் பெரியவர் கால் எப்படி வந்தது என்று கேட்பார்கள்' என்றாராம். நீங்கள் எழுதின கடிதத்திலும் அது இல்லை. பத்திரத்தில் இருந்த வார்த்தை இருக்கிறது, மூக்குப்பொடி இருக்கிறது, இது இல்லை. அதையும் யோசித்துக்கொண்டு போங்கள்.

ஜெரால்ட்


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
8-5-1996

மகன் ஜெரால்டுக்குப் பெரியப்பா சொல்லி எழுதுவது.

எல்லாரும் இருக்கிறபடி இருக்கிறோம். சந்திரலேகா சாப்பிடுகிறாள்.

திங்கட்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டு நல்ல மனுஷன்தான். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி. பழைய மனுவை எடுத்து மேஜையில் போட்டார்.

"இதுல கைநாட்டு வச்சது நீதான பெருசு?"

"நான்தாங்க."

"படிச்சுப் பாத்துட்டுத்தான வச்ச?"

"படிக்கத் தெரிஞ்சா கைநாட்டு ஏங்க வக்கிறேன்?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பிறகு வக்கீல் எழுதின தாளைப் படித்தார். "போன தடவ யதேச்சையாங்கிறீங்க. இந்தத் தடவ தற்செயலாங்கிறீங்க. அடுத்த தடவ என்னம்மா, அகஸ்மாத்தா?" என்று சந்திரலேகாவைக் கேட்டார்.

"நீ சொல்லு பெருசு. பய மடைய வெட்டுறான். ஒன் காலு எப்படிய்யா மடைக்குள்ள வந்துச்சு?"

"வழுக்கிடுச்சுங்க."

"வழுக்குனா மல்லாக்க விழுவ. இல்ல குப்புற விழுவ. நின்னது நின்னபடி இருக்க, ஒத்தக் காலு மட்டும் தனியாப் போயி மடையில ஒக்காருமா?"

"வீட்டுக்குப் போயி நல்லா ஞாபகப்படுத்திக்கிட்டு வா. ஒனக்கு ஞாபகம் ஜாஸ்தின்னு ஊரே சொல்லுது" என்று சொல்லி அனுப்பிவிட்டார். தாளை வாங்கிக்கொள்ளவில்லை.

இங்கே அக்கினி நட்சத்திரம். தென்னைக்குத் தண்ணீர் காட்ட முடியவில்லை. உன் அப்பா வைத்த கீழண்டைக் கன்று இரண்டும் பாளை விட்டிருக்கிறது. கோயிலுக்கு வெள்ளை அடித்திருக்கிறார்கள். புதுச் சாமியார் சின்ன வயது. பிரசங்கம் சீக்கிரம் முடிகிறது.

பெரியப்பா


ஷார்ஜா
17-5-1996

பெரியப்பாவுக்கு,

கிடங்கில் என்னோடு வேலை பார்க்கும் அப்துல் ஹமீது நாளைக்கு ஊருக்கு வருகிறார். அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன், தபாலுக்கு நேரம் இல்லை. உடம்பைப் பற்றி அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.

எனக்குத் தென்னம்பாளை வேண்டாம். சாமியார் பிரசங்கம் வேண்டாம். ஐம்பத்தோராம் வருஷத்தில் யார் என்ன பேசினார்கள் என்று சொல்கிறவர் நீங்கள். மூன்று மாசத்துக்கு முன்னால் உங்கள் கால் எங்கே இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது என்றால் நான் நம்ப மாட்டேன்.

ஜூலை பத்துக்கு இன்னும் ஐம்பத்து நாலு நாள்.

ஜெரால்ட்


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
23-5-1996

மகன் ஜெரால்டுக்குப் பெரியப்பா சொல்லி எழுதுவது.

அப்துல் ஹமீது நேற்று வந்து கடிதத்தைக் கொடுத்தார். நீ இளைத்துவிட்டதாகச் சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. நாங்கள் உயிரோடு நடமாட்டமாக இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தில் நான் சொல்கிறது எதையும் விடக் கூடாது, நல்ல வார்த்தை என்று எதையும் போடக் கூடாது என்று சந்திரலேகாவிடம் சொல்லிவிட்டேன்.

காலை நான் வைத்தேன். வழுக்கவில்லை.

நம் வாய்க்காலில் ஆளுக்கு ஒரு நாள். பதினோரு நாளில் சுற்று வந்துவிடும். தை ஏழு, ஞாயிற்றுக்கிழமை, உங்கள் வயலுக்கு முறை. ஏழும் பதினொன்றும் பதினெட்டு. வியாழக்கிழமை உங்கள் முறைதான். எனக்கு அடுத்த நாள். வாய்க்காலைப் பார்த்தேன். வியாழக்கிழமை ஒரு வயலுக்குத்தான் அந்தத் தண்ணீர் காணும். வெள்ளிக்கிழமை எனக்கு வண்டல்தான் மிஞ்சும். என் கதிர் பால் கட்டிக்கொண்டு நின்றது. விடிந்ததும் போய் உங்கள் மடையில் நின்றுகொண்டேன்.

ஜோஸ்வா வந்தான். "பெரியப்பா, இன்னைக்கு எங்க முறை" என்றான்.

"ஒன் முறை நேத்தே போச்சு. நீ வரல. மேலண்ட வயக்காரன் விட்டுக்கிட்டான். இன்னைக்கு எனக்கு" என்றேன்.

"போன முறை ஞாயித்துக்கெழமைங்க. நான் பூசைக்குப் போவாம தண்ணி பாச்சுனேன். எங்கம்மா அன்னைக்கெல்லாம் திட்டுச்சு."

"நீ பூசைக்குப் போவாத நாளு ஒண்ணா ரெண்டா? அதவச்சு நாளு எண்ணுவியா?"

அவன் என்னையே பார்த்தான். "நீங்க பொய் சொல்றீங்க பெரியப்பா" என்றான். இந்த முப்பது வருஷத்தில் அந்த வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வந்ததில்லை. அன்று சொன்னது ஒரே ஒரு பொய். அவன் குனிந்து மடையில் ஒரு வெட்டு வெட்டினான். தண்ணீர் உங்கள் வயலுக்குத் திரும்பியது. அடுத்த வெட்டுக்கு ஓங்கத் தொடங்கும்போது நான் வலது காலைத் தூக்கி அந்த வாயில் வைத்து அடைத்தேன். விரல் அவன் பக்கம் இருந்தது. மண்வெட்டி மேலே கிளம்புவது தெரிந்துதான் வைத்தேன்.

இதை நான் ஏன் ஏட்டிடம் சொல்லவில்லை என்று நீ கேட்பாய். கால் ஏன் வந்தது என்று சொன்னால் முறை யாருடையது என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் பதினோரு பேரும் இத்தனை வருஷத்தையும் திருப்பி எண்ணுவார்கள். என்னிடம் இருப்பது அந்த ஒன்றுதான், ஜெரால்டு. படிப்பு இல்லை. பட்டணத்தில் ஆள் இல்லை. பெரியநாயகசாமி சொன்னால் நாள் தப்பாது என்பது மட்டும்தான்.

திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். அதற்கு முந்தின நாள் பூசை முடிந்து மற்றவர்களிடமும் சொல்லிவிடுவேன். ஸ்டேஷன் வழியாக அவர்களுக்குத் தெரிய வேண்டாம்.

பெரியப்பா


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
2-6-1996

மகன் ஜெரால்டுக்குப் பெரியப்பா சொல்லி எழுதுவது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். பெரியம்மாவுக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள், தேவலை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒன்பது பேர் இருந்தார்கள். சொன்னேன். பிறகு மேலண்டை வயல்காரர் கேட்டார், "ஒரு தடவதான்னு நாங்க எப்படிங்க நம்புறது?"

"நம்ப வழி இல்லதான்" என்றேன்.

"எம்பத்தேழுல எனக்கு ஒரு முறை தவறிப்போச்சே..." என்று ஒருவர் ஆரம்பித்தார். அது அவர் மச்சான் சாவுக்குப் போனதால் தவறினது. தேதி, கிழமை, அன்றைக்கு அவர் எந்த பஸ்ஸில் போனார் என்பதுகூட எனக்குத் தெரியும். சொல்லவில்லை. என் ஞாபகத்தை நான் சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

இந்த வருஷம் தண்ணீர் வந்ததும் முறையை நோட்டில் எழுதுவதாக முடிவு. மேலண்டை வயல்காரர் மகள் ஷீபா எழுதுவாள். பி.காம். படிக்கிறாள்.

திங்கட்கிழமை ஸ்டேஷன். ஏட்டு கேட்டார், நான் சொன்னேன், அவரே எழுதினார். எழுதிப் படித்துக் காட்டினார். 'தண்ணீர் முறை ஜோஸ்வாவுடையது என்று தெரிந்தே, மண்வெட்டியை அவன் ஓங்குவது தெரிந்தே, மடையை அடைக்க நான் காலை வைத்தேன்.' யதேச்சையும் இல்லை, தற்செயலும் இல்லை. "இதுக்குத்தானய்யா மூணு வாரம் இழுத்தடிச்ச?" என்று கைநாட்டு மையை அவரே என் விரலில் தடவினார். பாஸ்போர்ட்டுக்கு நல்லபடியாக எழுதி அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

திரும்பி வரும்போது உன் அம்மா வாசலில் நின்றது. "வெயில்ல வர்றீங்களே மாமா, மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டது. நாலு மாசத்துக்குப் பிறகு பேசினது அதுதான். குடித்தேன்.

பெரியப்பா


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
20-7-1996

மகன் ஜெரால்டுக்குப் பெரியப்பா சொல்லி எழுதுவது.

நீயும் தம்பியும் ஒரே கூரையில் இருப்பது எங்களுக்கு நிம்மதி. பாஸ்போர்ட் வந்ததும் விசா வந்ததும் நீ அம்மாவுக்கு எழுதித் தெரிந்துகொண்டேன். எனக்கு மே மாதத்துக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை.

ஜோஸ்வா புறப்படுகிற அன்று வந்து முழங்கால் போட்டான். நெற்றியில் சிலுவை போட்டுவிட்டேன். எழுந்தவன் ஏதோ சொல்ல வந்தான். வெளியே கார்க்காரன் ஹாரன் அடித்தான், போய்விட்டான். அவன் என் காலைப் பார்க்கவே இல்லை.

எழுதவும்.

பெரியப்பா


ஷார்ஜா
18-8-1996

அன்புள்ள பெரியப்பாவுக்கு,

நானும் தம்பியும் சுகம். பெரியம்மா மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும். இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிக்கவும். உங்கள் மே மாதக் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியவில்லை. கோபமாக ஒன்று எழுதினேன், கிழித்துவிட்டேன். மரியாதையாக ஒன்று எழுதினேன், அதையும் கிழித்துவிட்டேன்.

இப்போது வேறு ஒன்று வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை விடுமுறை. துணி துவைத்துக்கொண்டிருந்தோம். உங்கள் கடிதங்களைப் பற்றிச் சொல்லி, "பெரியப்பா ஒத்துக்கிட்டாரு. அவருதான் கால வச்சாராம்" என்றேன். அவன் சட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தான். அதில் தண்ணீரே இல்லை. "கால வச்சத நான் பாத்தேன்ணே" என்றான். "பாத்துட்டுத்தான் ஓங்குனேன்" என்றான்.

அப்புறம் அழுதான். இங்கே வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு சரியாக இறங்காததற்குக் காரணம் வேறு என்று நினைத்திருந்தேன்.

நீங்கள் முப்பது வருஷப் பெயரைக் கொடுத்து அவனை அனுப்பியிருக்கிறீர்கள். அவன் பார்த்துத்தான் வெட்டினான் என்பது உங்களுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் இதை எழுதி உங்களை நோகடித்ததற்கு மன்னியுங்கள். தெரியும் என்றால், ஆஸ்பத்திரியில் ஏன் எதார்த்தமா என்று சொன்னீர்கள்?

அம்மாவுக்கு நான் எழுதவில்லை.

ஜெரால்ட்


சேசு மரி சூசை

சவேரியார்குடிக்காடு
8-9-1996

மகன் ஜெரால்டுக்குப் பெரியப்பா சொல்ல சந்திரலேகா எழுதுவது.

இன்று மாதா பிறந்த நாள். வேளாங்கண்ணிக்கு நடந்து போகிற கூட்டம் ஓய்ந்துவிட்டது. எங்கள் இரண்டு பேர் உடம்புக்கும் குறை ஒன்றும் இல்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறது. அதற்கு எழுத வேண்டாம்.

தெரியும்.

ஸ்டேஷனில் கால் எப்படி வந்தது என்று கேட்டார்கள். அவன் கண் எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று இப்போது சொல்ல முடியவில்லை.

அவன் கண் என் கால் மேல் இருந்தது. மண்வெட்டி தலைக்கு மேல் போனபோதும் கண் அங்கேதான். ஓங்கினது தெரிந்து ஓங்கினதுதான். அவன் வெட்ட மாட்டான் என்று நான் நினைத்தேன். நான் எடுத்துவிடுவேன் என்று அவன் நினைத்திருப்பான். இரண்டு பேரில் ஒருவனும் விடவில்லை.

ஆனால் அவன் உன்னிடம் சொன்னது பாதிதான். மீதி அவனுக்குத் தெரியாது. மண்வெட்டி பாதி இறங்கும்போது அவன் கை காம்பைத் தன் பக்கம் இழுத்தது. பாதத்து நடுவில் விழ வேண்டியது விரலோடு போயிற்று. நான் கண்ணால் பார்த்தேன். அதுவும் போதாது என்றால் மண்ணைச் சொல்கிறேன். அவன் ஒரு வெட்டு வெட்டினால் ஒரு சாண் பெயரும். மீசை முளைக்காத காலத்திலிருந்து நான் பார்க்கிற வெட்டு. அன்று மண்வெட்டி என் விரலைத் தாண்டி நாலு விரல் ஆழம்தான் இறங்கி நின்றது. ரத்தம் வருவதற்கு முன்னால் நான் பார்த்தது அதைத்தான்.

வைக்க நினைத்து நான் வைத்தேன், ஓங்க நினைத்து அவன் ஓங்கினான். அன்றைக்கு அந்த மடையில் நினைக்காமல் நடந்தது அந்த இழுப்பு ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் எதார்த்தமா என்று நான் சொன்னபோது எனக்குள் இருந்தது அது. வெட்டைச் சொல்லவில்லை.

சந்திரலேகா பேனாவை மூடி வைத்துவிட்டு, "இத ஏன் தாத்தா அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டாள். "ஆஸ்பத்திரியில நான் ஆரம்பிச்சப்பவே, மனு எழுதவா, கத எழுதவான்னு கேட்டியேம்மா, மறந்துட்டியா?" என்றேன். அப்படிக் கேட்டது உண்மைதான் என்று அவளே எழுதச் சொல்கிறாள்.

அவனுக்கு இதை நீ எடுத்துச் சொல்லாதே. நீ சொன்னால் ஆறுதலுக்குச் சொல்வதாக நினைப்பான். அவனுக்குப் படிக்கத் தெரியும். கடிதத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு நீ கொஞ்ச நேரம் வெளியே போ.

பெரியப்பா
பெரியநாயகசாமி